புக் ஆன கல்யாணம்

பையை மேல வெக்க வேண்டாம் தம்பி, என் மடியிலயே இருக்கட்டும். உள்ள ஹார்டு டிஸ்க் இருக்கு, ஆடக் கூடாது. நீங்க சன்னல் ஓரமா உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. தூத்துக்குடி வரைக்கும் போறீங்களா? நான் அருப்புக்கோட்டையில எறங்கிருவேன். மதுரை மாட்டுத்தாவணியில அருப்புக்கோட்டை வண்டி காலியாத்தான் நின்னுச்சு. இருந்தாலும் இதுல ஏறிட்டேன்.

கம்ப்யூட்டர் படிச்சவரா நீங்க? லேப்டாப் பையைப் பாத்ததுமே நெனச்சேன். அப்ப உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கலாம். வீட்டை விட்டுப் போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டாமா? வேற யாரும் இல்ல, எம் மகளத்தான் சொல்றேன். பூங்கோதை. ஒரே மக.

அருப்புக்கோட்டையில கலைமகள் வீடியோஸ்னா யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. சௌந்திரபாண்டின்னு என் பேரைச் சொன்னா தெரியாது, கலைமகள்காரர்னா தெரியும். சுத்துப்பட்டுல நான் எடுக்காத கல்யாணம் கம்மி. எம் மக எம்சிஏ முடிச்சிட்டு, மெட்ராஸ் போறேன்னு சொல்லாம, அப்பா நான் நம்ம ஸ்டுடியோவுலயே இருக்கேன்னுட்டா. எனக்கு அன்னைக்குக் கால் தரையில நிக்கல. எடிட்டிங்கெல்லாம் அவதான். கஸ்டமர் கொண்டு வர்ற பென் டிரைவுல இருந்தெல்லாம் வைரஸ் ஏறி மாசத்துக்கு ஒருக்கா மிஷின் படுத்துக்கும். அவ வந்து பின்ரூம் மிஷினுக்கு லினக்ஸ் போட்டா. அதுக்கப்புறம் அது ஒரு நாள் படுக்கல. கெட்டிக்காரி தம்பி, அதை நான் இல்லேங்கல.

சின்னச் சின்ன டிஸ்க்கா ஏகப்பட்டது ரொம்பிப் போச்சு. பெருசா ஒண்ணு வாங்கிரலாம்ப்பா, எல்லாக் கல்யாணமும் ஒரே எடத்துல இருக்கட்டும்னா. சரின்னேன். நாலு டிபி டிஸ்க் ஒண்ணு வந்துச்சு. நம்ம டாக்குல சொருகினேன். டாக் தெரியும்ல, டிஸ்க்கை வெளிய வெச்சு நிமித்திச் சொருகுற பெட்டி. சொருகினா ஒண்ணு புள்ளி எட்டுன்னு காட்டுது. நாலுக்குக் காசு வாங்கிட்டு ஒண்ணு புள்ளி எட்டைத் தலையில கட்டிட்டான்னு எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. கோதை பொறுங்கப்பான்னா, நான் கேக்கல, திருப்பி அனுப்பிட்டேன். மாத்தி இன்னொண்ணு அனுப்பினான். அதுவும் ஒண்ணு புள்ளி எட்டு. ஊர்ல இருக்கற எல்லாரும் சேந்து என்னை ஏமாத்துறானுங்கன்னு குதிச்சேன்.

அவ கறுப்புத் திரையைத் தொறந்து வெச்சு என்னென்னமோ தட்டிப் பாத்தா. அப்புறம் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னா. டிஸ்க்கு மேல தப்பில்லப்பா, டாக்கு பழசு, அதுக்கு ரெண்டு சொச்சம் டிபிக்கு மேல எண்ணத் தெரியாது, உங்க பழைய பைக்குல கிலோமீட்டர் முழுசா ஓடி மறுபடி சைபருக்கு வருமே, அந்த மாதிரி இதுவும் ரெண்டு சொச்சத்தை முழுங்கிட்டு மிச்சத்தை மட்டும் சொல்லுதுன்னா. வேற டாக் வாங்கலாம், இல்ல டிஸ்க்கை மிஷினுக்குள்ளயே மாட்டிரலாம்னா.

டாக்கை மட்டும் கொறை சொல்லாதன்னேன். அது ராசியான டாக் தம்பி. அது வந்த வருசம்தான் ஸ்டுடியோ நிமிந்துச்சு. அதுல ஏத்துன மொதல் கல்யாணம் ஊருலயே பெரிய மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணம், அதுக்கப்புறம் ஒரு முகூர்த்தம் சும்மா இருந்ததில்ல. சரஸ்வதி பூசைக்குக் கேமராவுக்குப் பொட்டு வெக்கறதுக்கு முன்னாடி டாக்குக்குத்தான் வெப்போம். மொதல் பொட்டு வெச்சதே கோதைதான், பாவாடை சட்டை போட்ட வயசுல. சந்தனம் ரெண்டு கட்டைவெரல் அகலத்துக்கு அப்பி, ஒரு துவாரமே அடைச்சுப் போச்சு. பரவாயில்ல, இன்னொரு துவாரம் நல்லா வேலை செய்யும்.

அவளே டிஸ்க்கை மிஷினுக்குள்ள மாட்டி, முழு எடத்தையும் ஒரே பாகமாப் பிரிச்சு, எங்கிட்டக் காட்டினா. மூணு புள்ளி ஆறுன்னு இருந்துச்சு. மிச்சம் எங்கன்னு கேட்டேன். அது எண்ணுற கணக்குல வர்ற வித்தியாசம்ப்பா, எடம் அங்கதான் இருக்குன்னு சொல்லிட்டு, எழுந்திரிச்சு முகத்தைக் கழுவப் போயிட்டா. என்னோட மாரடிக்கறது கஷ்டம்தான். அவங்க அம்மா கனகமணி முப்பது வருசமா அதைத்தான் சொல்றா.

அப்புறம்தான் அந்தப் பய விசயம் வந்துச்சு. ஜெரால்டு. தூத்துக்குடிக்காரன், டிரோன் ஓட்டுறவன், பெரிய கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் கூப்பிடுவேன். வேலைன்னு பாத்தா சுத்தமான பையன். ஆனா நம்ம ஆளுக இல்லையே தம்பி. கோதை எங்கிட்ட வந்து நின்னு, அப்பா எனக்கு அவரப் பிடிச்சிருக்குன்னா. இந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதன்னேன். அதுக்கப்புறம் நான் அவகிட்டப் பேசல. ஒரே ரூம்ல அந்தப் பக்கம் அவ எடிட் பண்ணுவா, இந்தப் பக்கம் நான் லைட்டைத் தொடைச்சிட்டு இருப்பேன். வைஞ்சிருந்தா ரெண்டு நாள்ல ஆறியிருக்கும். பேசாம இருந்தது எவ்வளவு நாளுன்னு எனக்கே கணக்கில்ல.

பேசாட்டியும் தொழில் ஓடணும்ல? எங்க ஸ்டுடியோவுல ஒரு வழக்கம் உண்டு. அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே டிஸ்க்குல ஒரு ஃபோல்டர் போட்டுறணும். தேதி, பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, ஊரு. ஃபோல்டர் போட்டாச்சுன்னா அது வாக்குக் குடுத்த மாதிரி. அதுக்கப்புறம் காய்ச்சலோ கருமாதியோ, போய் நின்னுறணும். எங்க அப்பா காரியத்துக்கு மறுநாள் மொட்டைத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு கல்யாணம் எடுத்தவன் நான். அவகிட்டப் பேசாத நாள்லயும் அவ ஃபோல்டர் போட்டு வெப்பா, காலையில நான் பாத்துட்டுக் கேமராவைத் தூக்கிட்டுக் கெளம்பிருவேன். அது ஒண்ணுதான் ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடிட்டு இருந்துச்சு.

ஒரு நாள் காலையில கையில பையோட வந்து நிக்கறா. நான் லென்ஸைத் தொடைச்சிட்டு இருந்தேன், நிமிரல. அப்பா, டிஸ்க்குல புதுசா ஒரு ஃபோல்டர் போட்டிருக்கேன், அவசியம் பாருங்க, டாக்குல மட்டும் போட்டுறாதீங்க, மிஷின்லயே பாருங்கன்னா. கொஞ்ச நேரம் நின்னா. நான் லென்ஸையே தொடைச்சிட்டு இருந்தேன். போயிட்டா. நீங்களே சொல்லுங்க தம்பி, கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு, இன்ன தேதி இன்ன எடம்னு, பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

ரெண்டு நாள் கழிச்சு, அந்த மிஷினைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரம். அவ உக்காந்த நாற்காலி, அவ போட்ட லினக்ஸ். டிஸ்க்கைக் கழட்டி நம்ம டாக்குலயே போட்டுக்குவோம், பழையபடி நம்ம பாடு நம்மளோடன்னு ஸ்குரூவைத் திருகி உருவிட்டேன். டாக்குல சொருகிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. பாகம் இல்ல, ஃபோல்டர் இல்ல. ஒண்ணு புள்ளி எட்டு, காலி எடம், அவ்வளவுதான். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுத் தேடுறேன், ஒரு கல்யாணம் இல்ல. பழைய சின்ன டிஸ்க்கையெல்லாம் இதுல ஏத்தினப்பவே வித்தாச்சு. போறப்ப மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போயிட்டாடான்னு தோணுச்சு.

போன் போட்டேன். வாயில வந்ததெல்லாம் கேட்டேன், இங்க சொல்ல முடியாது. அவ அழுதுகிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "டாக்குல போட்டீங்களாப்பா?"

டாக்கைச் சொல்லாதன்னேன்.

"எதையும் அமுக்காதீங்கப்பா. அப்படியே வெச்சிருங்க, நான் வந்து மாட்டித் தர்றேன். உள்ள நீங்க பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

இந்தப் படியேறினா காலை வெட்டுவேன்னு சொல்லிப் போனை வெச்சிட்டேன். கோவத்துல சொல்றதுதான தம்பி. மகளா பொறந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? வந்திருந்தா வெட்டியா இருப்பேன்?

மறுநாள் முகூர்த்தம், எடுத்ததை ஏத்த எடம் வேணும். காலியாக் கெடக்கற டிஸ்க்குதானேன்னு ஃபார்மேட் குடுத்தேன். எல்லாம் அழிஞ்சிரும், சரிதானான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. அழிக்கறதுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கான்னு ரெண்டு தடவையும் ஆமான்னு அமுக்கினேன். நல்லா வேலை செஞ்சுச்சு. ராசியான டாக்குன்னு அப்பவும் சொன்னேன்.

அவ கல்யாணம் ஆவணியில நடந்துச்சாம். எனக்கு ஒரு லைட்மேன் சொல்லித்தான் தெரியும், அவன் ஜெரால்டோட சிநேகிதன். தூத்துக்குடியில ஒரு சின்ன மண்டபமாம். கூட்டம் கொஞ்சம்தானாம். இதக் கேளுங்க, போட்டோ வீடியோ ஒண்ணு கெடையாதாம். மாப்பிள்ளையோட கூட்டாளி பூரா கேமராக்காரனுங்க, ஆளாளுக்கு நான் எடுக்கறேன் நான் எடுக்கறேன்னு வந்திருக்கானுங்க. இவ ஒருத்தரையும் விடல. எங்க ஸ்டுடியோவுல புக் ஆயிருக்கு, வேற யாரும் எடுக்க வேண்டாம்னாளாம். பொண்ணு மணவறையில உக்காந்துக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்துச்சுண்ணே, நேரம் தப்பப் போவுதுன்னு ஐயர் சத்தம் போடற வரைக்கும் தாலியைத் தொட விடலண்ணேங்கறான் அவன். யாரோ பெரிய ஆளை எதிர்பாத்திருப்பா போலன்னேன். எங்க ஸ்டுடியோவுல புக்காம். என்னையக் கேலி பண்ணிச் சிரிச்சிருக்கான்னு நெனச்சு, அன்னைக்கு நான் சாப்பிடல.

கனகமணி ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளுக்கு இப்ப பக்தி முத்திப் போச்சு. மாசம் தவறாம திருச்செந்தூர் போறா. வர்றப்ப மக்ரூன் வாங்கிட்டு வர்றா, தூத்துக்குடியில பஸ் மாறுறப்ப வாங்குனதாம். போன மாசம் அவ பையில கிரைப் வாட்டர் பாட்டில் கெடந்துச்சு. என்னடி இதுன்னா, எனக்குத்தான் வாயுத் தொல்லைங்கறா. சரி, வயசாகுதுல்ல.

இப்ப ஏன் மதுரை வந்தேன்னா, பந்தல்குடி வாத்தியார் ஒருத்தர். அவர் மக கல்யாணம் நான் எடுத்தது. வெளிநாட்டு விசாவுக்குக் கல்யாண வீடியோ வேணும்னு வந்து நிக்கறாரு. ஆல்பம் வெள்ளத்துல போயிருச்சாம். எங்கிட்ட இல்லேன்னதும் போலீசுக்குப் போவேங்கறாரு. எனக்கு யோசனை வந்துச்சு. மதுரையில டிஸ்க்குல அழிஞ்சதை எடுத்துத் தர்ற ஆளு இருக்காங்களாம். யாரு அழிச்சது, என்னைக்கு அழிச்சதுன்னு எழுதியே வாங்கிருவோம். அதை வாத்தியார்கிட்டயும் காட்டலாம், தூத்துக்குடிக்கும் ஒரு காப்பி அனுப்பலாம். ஆமா தம்பி, அந்தக் கோவம் அப்படியே இருந்துச்சு. பாசம் இருந்தாத்தான கோவம் இருக்கும்.

நிலோஃபர்னு ஒரு பொண்ணு. கோதை வயசுதான் இருக்கும். டிஸ்க்கை வாங்கி நேரா மிஷினுக்குள்ள மாட்டுச்சு. நான் டாக்கும் கொண்டு வந்திருக்கேம்மான்னேன். அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது ரெண்டு டிபிக்கு மேல பாக்காது சார்னு ஓரமா வெச்சிருச்சு. எம் மக சொன்ன அதே பேச்சு. டிஸ்க்கை ஒரு வாரம் வெச்சிருந்து இன்னைக்கு வரச் சொல்லியிருந்துச்சு.

போனேன். உக்கார வெச்சு, திரையைத் திருப்பிக் காட்டுச்சு. "சார், இதை யாரும் அழிக்கல. மொதல்ல முழு நாலும் ஒரே பாகமா சுத்தமா இருந்திருக்கு. டாக்குல போட்டதும் கடைசிப் பகுதி அதுக்கு எட்டல, அதான் காலின்னு காட்டியிருக்கு. அப்புறம் அது மேல யாரோ ஃபார்மேட் குடுத்திருக்காங்க." தேதியைச் சொல்லுச்சு. நான் தேதியைக் கேக்கவே இல்ல தம்பி, அதுவாத்தான் சொல்லுச்சு.

முன்பாதியில முக்கால்வாசி போச்சாம், அது மேல நான் புதுசு புதுசா ஏத்திட்டேன்ல. பின்பாதி டாக்குக்கு எட்டாத எடம், அதனால அது அப்படியே பத்திரமா இருந்துச்சாம். வாத்தியார் மக கல்யாணம் கெடைச்சிருச்சு. வரிசையாக் காட்டிட்டே வந்துச்சு. எல்லாம் கோதை போட்ட ஃபோல்டர். ஒவ்வொண்ணாக் காப்பி ஆயிட்டு வருது. கடைசியில ஒண்ணுகிட்ட நிறுத்திட்டு எம் பக்கம் திரும்புச்சு.

"இது ஒண்ணு சைபர் காட்டுது சார். வீணாப் போனது இல்ல, இதுல எதுவுமே போடல. வெறும் பேரு மட்டும்தான். விட்டுறவா?"

கண்ணாடியை மாட்டிப் படிச்சேன். ஆவணி முகூர்த்தத் தேதி. பூங்கோதை, ஜெரால்டு, தூத்துக்குடி. மண்டபம் பேரைக்கூடச் சேத்துப் போட்டிருந்தா. மத்த ஃபோல்டருக்கு அப்படிப் போட மாட்டா, எனக்கு எடம் தெரியாதுன்னு போட்டிருக்கா.

விட்டுற வேண்டாம்மா, அதையும் ஏத்துன்னேன். வெறும் ஃபோல்டர் சார்னுச்சு. இருக்கட்டும்மான்னேன். அந்தப் பொண்ணு தண்ணி குடுத்துச்சு.

முப்பது வருசத்துல புக் ஆன கல்யாணத்துக்குக் கலைமகள் போகலேன்னு ஒரு பேச்சு கெடையாது தம்பி. மழையில போயிருக்கேன், பந்த்துல போயிருக்கேன். போகாதது ஒண்ணே ஒண்ணு. மணவறையில இருந்து வாசலைப் பாத்தாளாமே, எவ்வளவு நேரம் பாத்திருப்பா? இப்ப அதைத்தான் நெனச்சுக்கிட்டு வர்றேன், காலையில இருந்து.

இருந்தாலும் தம்பி, நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அப்பா இன்ன தேதி, வந்துருங்கன்னு. நான் லென்ஸைத் தொடைச்சிட்டு இருந்தா என்ன, காது கேக்காதா எனக்கு?

என்ன சொல்றீங்க? இந்த வண்டியே தூத்துக்குடிதான் போவுதா? தெரியும் தம்பி. போர்டைப் படிச்சிட்டுத்தான் ஏறினேன். கண்டக்டர் எங்கன்னு கேக்கறப்ப வாய் அருப்புக்கோட்டைன்னு சொல்லிருச்சு. நாளைக்கு ஒரு முகூர்த்தம் இருக்கு. ஃபோல்டர் நானே போட்டிருக்கேன், போகாம இருக்க முடியாது. அதோட, காலை வெட்டுவேன்னு சொன்ன வாயை வெச்சுக்கிட்டு எந்த முகத்தோட அந்தப் படியேறுறது?

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நீங்க படிச்சவரு. இந்தக் கிரைப் வாட்டர் இருக்கே, அதைப் பெரியவங்களும் குடிப்பாங்களா? அப்படியா. குழந்தைக்கு மட்டும்தானா. இல்ல, சும்மா கேட்டேன்.

இன்னொண்ணு. இப்ப ஒருத்தன் போய், அவங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, மாலை போட்டு, நல்லா எடுத்து அந்த ஃபோல்டருக்குள்ள போடறான்னு வெச்சுக்கங்க. அது எந்தத் தேதி காட்டும்? ஃபோல்டர்ல இருக்கற தேதியா, எடுத்த தேதியா?

எடுத்த தேதிதானா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அருப்புக்கோட்டைப் புறவழிச்சாலை வந்திருச்சு. எறங்கணும். நான் எழுந்திரிக்கற வரைக்கும் அந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி. அடியில பிடிங்க, மேல டாக் இருக்கு. போறதுக்கு முந்தின சரஸ்வதி பூசைக்கு அவ வெச்ச பொட்டு, அதுக்கப்புறம் நான் வெக்கல. கை பட்டு அழிஞ்சிரப் போவுது.